பெயர் சொல்லாக் காதலும் பெயர் சொன்ன மகளிரும்

திருகோணமலைத் துறைமுகத்திலிருந்து வடக்கு நோக்கிச் செல்லும் கரையோரச் சாலை உப்புவெளியையும் நிலாவெளியையும் கடந்து, இறக்கண்டிக் களப்பைத் தாண்டி, இருபது மைலுக்குச் சற்று மேற்பட்ட தொலைவிலே குச்சவெளியை அடைகின்றது. ஒரு பக்கம் கடல். மறு பக்கம் களப்பும் வெளியும். இடையே மணல்மேடு, பனை, தாழை, கரையேற்றிய தோணி, உலர்கின்ற வலை. வடகீழ்ப் பருவக்காற்று வீசும் மார்கழி, தை மாதங்களிலே கடல் கொந்தளிக்கும், தொழில் குறையும். காற்று அடங்கிய பின்னர் கரைவலை இழுப்போரின் குரல் மீண்டும் கேட்கும். இத்தகைய நிலத்திற்குப் பழந்தமிழ்ப் புலவர் நெய்தல் என்று பெயரிட்டனர். அந்நிலத்திற்கு உரிய உணர்ச்சி இரங்கல் என்றும் வகுத்தனர். கடல்மேற் சென்றவனோ, பொருள் தேடிப் பிரிந்தவனோ, அவன் வரவை எண்ணிக் கரையிலிருப்பவள் கலங்கும் கலக்கமே இரங்கல்.

குச்சவெளியின் கடலோரப் பாறையொன்றிலே ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழமையுடைய கல்வெட்டொன்று உண்டு. அது வடமொழிச் செய்யுள். பௌத்த சமயத்தைச் சார்ந்தது. தூபிகளின் உருவங்களும் அப்பாறையிலே புடைப்பாகச் செதுக்கப்பட்டுள்ளன. தொல்பொருள் அறிஞர் செனரத் பரணவிதான அக்கல்வெட்டை ஆராய்ந்து வெளியிட்டார். சமயத்தின் சொல்லும் அரசின் சொல்லும் இவ்வாறு கல்லிலே வெட்டப்பட்டு நின்றுவிடும். ஆனால் கரையிலே காத்திருந்த பெண்ணின் சொல்லைக் கல்லிலே வெட்டுவார் எவருமிலர். அச்சொல் பாட்டாய்ப் பிறந்து, காற்றிலே கலந்து போவதே உலக வழக்கம். அவ்வாறு போகாமல் நின்ற பெண்குரல்கள் பண்டை உலகிலே மிகச் சிலவே. அவற்றுள் இரண்டு தொகுதிகள் சிறப்பாகக் கருதத்தக்கன. ஒன்று கிரேக்க நாட்டு மகளிர் பாடியது. மற்றொன்று தமிழ்நாட்டு மகளிர் பாடியது. இரண்டுக்கும் பொருள் ஒன்றே: காதலும் காமமும்.

காமம் என்ற சொல்லைக் கேட்டுச் சிலர் முகஞ் சுளிக்கக்கூடும். பிற்காலத்திலே அச்சொல்லின் பொருள் சுருங்கிவிட்டது. பழந்தமிழிலோ அது மாசற்ற சொல். உள்ளமும் உடலும் ஒருங்கே விரும்பும் விருப்பத்தை அது குறித்தது. அறமும் பொருளும் உரைத்த வள்ளுவர் மூன்றாம் பாலை அதற்கென்றே ஒதுக்கினார்.

முதலிலே கிரேக்கத்தைக் காண்போம். சின்னாசியக் கரைக்கு அண்மையிலே லெஸ்பொஸ் என்றொரு தீவு உள்ளது. கி. மு. 630ஆம் ஆண்டளவிலே அங்குப் பிறந்தவள் சாப்போ. உயர்குடியிற் பிறந்த அவள் அரசியற் குழப்பத்தால் சிலகாலம் சிசிலித் தீவிலே வாழ்ந்தாள் என்று பழைய குறிப்புக் கூறும். அவளுடைய உடன்பிறந்தான் ஒருவன் எகிப்திலே வாணிகஞ் செய்தான். கிளேயிஸ் என்ற பெண்ணைத் தன் அருமை மகளாக அவள் பாடியிருக்கின்றாள். யாழ்போன்ற நரம்புக் கருவியை மீட்டிப் பாடுவதற்கென்றே அவள் பாடல் புனைந்தாள். அக்கருவியின் பெயராலேயே தன்னுணர்ச்சிப் பாடல் மேலைநாட்டு மொழிகளிலே இன்றும் வழங்குகின்றது.

சாப்போவின் பாடல்களிலே பேசுபவள் பெரும்பாலும் தன்னையே காட்டிப் பேசுகின்றாள். காதற்றெய்வத்தை விளிக்கும் புகழ்பெற்ற பாடலிலே அவள் பெயரே வருகின்றது. அவள் விருப்பம் பெரிதும் தன்னைச் சூழ்ந்திருந்த இளமகளிர்பாற் சென்றது. அதனை அவள் மறைக்கவில்லை. பிற்காலத்து மொழிபெயர்ப்பாளர் சிலரே அதற்கு நாணி, விரும்பப்பட்டவளை ஆண்மகனாக மாற்றி எழுதினர். குதிரைப் படையும் கப்பற் படையுமே உலகிற் பேரழகு என்று ஆடவர் பேசிய காலத்திலே, ஒருவர் எதனை விரும்புகின்றாரோ அதுவே பேரழகு என்று துணிந்து உரைத்தவள் அவள். காதலை இனிப்பும் கசப்பும் கலந்ததென ஒரே சொல்லிற் காட்டியவளும் அவளே.

அவளுடைய பாடல்களை அலெக்சாந்திரியா நகரத்து அறிஞர் பின்னர் 9 தொகுதிகளாக வகுத்தனர் என்பர். அத்தொகுதிகள் அழிந்தன. முழுமையாக எஞ்சியது ஏறத்தாழ ஒரே பாடல். சொல்லணியைப் பற்றி எழுதிய ஆசிரியர் ஒருவர் அதனை எடுத்துக்காட்டாகக் கொண்டமையால் அது பிழைத்தது. இலக்கியத்தின் உயர்வைப் பற்றிய மற்றொரு பழைய நூலினால் வேறொரு பாடலின் பெரும்பகுதி பிழைத்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலே எகிப்தின் ஒக்சிரிங்கசு என்ற ஊரிலே குப்பைமேடுகளைத் தோண்டிய ஆங்கிலேய அறிஞர் கிரென்பெல், ஹன்ட் என்போர் பாப்பிரசு நாணற்றாளில் எழுதிய துண்டுகளைக் கண்டெடுத்தனர். அவற்றினுள்ளும் சாப்போவின் அடிகள் கிடந்தன. 2004ஆம் ஆண்டிலே, முதுமையைப் பற்றி அவள் பாடிய பாடலொன்றின் பகுதி ஜேர்மனியிலே கொலோன் நகரத்து ஏடொன்றிலிருந்து வெளியிடப்பட்டது. ஒரு பெண்ணின் குரல் குப்பைமேட்டிலிருந்து இருபத்தைந்து நூற்றாண்டுகளின் பின் துண்டு துண்டாக மீண்டு வருகின்றது.

சாப்போவுக்குப் பின்னரும் கிரேக்கத்திலே பாடிய மகளிர் இருந்தனர். தெசலோனிக்கா நகரத்து அந்திப்பேத்தர் என்ற புலவர், கலைத் தெய்வங்கள் ஒன்பதின்மர்க்கு ஒப்பாக மண்ணுலகிலே பெண்பாற் புலவர் ஒன்பதின்மரை எண்ணிப் பாடினார். அவர்களுள் எரின்னா என்பவள் தன் இளமைத் தோழி பௌக்கிஸ் இறந்ததற்கு இரங்கிப் பாடியவள். நொஸ்ஸிஸ் என்பவள் தென்னித்தாலியிலே லோக்கிரி நகரத்தவள்; கி. மு. 3ஆம் நூற்றாண்டினள். காதலினும் இனியது வேறில்லை என்பது அவள் கொள்கை. சாப்போ பிறந்த தீவுக்குக் கலமேறிச் செல்லும் வழிப்போக்கனிடம் தன் பெயரைச் சொல்லி அனுப்பும் முறையிலே அவள் பாடிய பாடலொன்று உண்டு. முந்நூறு ஆண்டு முன் மறைந்த பெண்ணொருத்திக்குப் பின்வந்த பெண்ணொருத்தி கடல்கடந்து விடுத்த தூது அது. அத்தூது நினைவிலிருத்தத்தக்கது, அதுபோன்ற செய்தி தமிழிலும் உண்டு.

இனித் தமிழுக்கு வருவோம். கிறித்து சகாப்தத்தின் முதற் சில நூற்றாண்டுகளை ஒட்டியவை சங்கப் பாடல்கள். அவற்றைப் பாடிய புலவர் ஏறத்தாழ 470 பேர். அவர்களுள் முப்பதின்மருக்கு மேற்பட்டோர் மகளிர். பண்டை உலகின் வேறெந்த மொழியிலும் இத்துணைப் பெண்பாற் புலவரின் பாடல்கள் ஒரே காலத் தொகுதியில் நிலைபெற்றனவாகக் காண்டல் அரிது. அக்காலத்திலே யவனர் தமிழ்நாட்டோடு வாணிகஞ் செய்தனர். பொன்னோடு வந்த அவர்களுடைய மரக்கலங்கள் மிளகோடு மீண்டதை அகநானூறு கூறும். அலெக்சாந்திரியாவிலே கி. பி. 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த தொலமி இலங்கையைத் தப்ரபேன் என்ற பெயரால் தம் நூலிலே விரிவாகக் குறித்தார். ஈழத்துப் பூதன்தேவனார் பாடிய 7 பாடல்கள் சங்கத் தொகைகளிலே இடம்பெற்றன. ஆயினும் யவனரின் காதற் பாடல் தமிழுக்கு வந்தது என்றோ, தமிழரின் பாடல் கிரேக்கத்துக்குச் சென்றது என்றோ கூறுதற்குச் சான்று இல்லை. மிளகும் பொன்னும் கடல் கடந்தன. பாட்டு அவ்வவ் நிலத்திலே தனித்தனியே முளைத்தது.

தனித்தனியே முளைத்தமையாலேதான் அவற்றின் வேற்றுமை கருதத்தக்கது. சாப்போ தன் பெயரைச் சொல்லிப் பாடினாள். தமிழ் அகப்பாட்டிலோ பெயர் கூறுதல் ஆகாது. காதலிற்பட்ட இருவரை இன்னார் என்று சுட்டிப் பெயர் கூறலாகாது என்பது தொல்காப்பியம் வகுத்த விதி. பேசுபவள் தலைவி, கேட்பவள் தோழி, பிரிந்தவன் தலைவன், வருந்துபவள் செவிலி. அவர்களுக்கு ஊர் உண்டு, நிலம் உண்டு, பருவம் உண்டு; பெயர் மட்டும் இல்லை. காதல் உலகப் பொதுவானது, ஒருவர்க்கு மட்டும் உரியதன்று என்ற கருத்தே இவ்விதியின் அடிப்படையாதல் வேண்டும்.

விதியை மீறியவர்க்கு என்ன நேர்ந்தது என்பதற்கு நக்கண்ணையார் சான்றாவார். பெருங்கோழி நாயகன் மகள் என்று ஏடுகள் அவரைக் குறிக்கும். போர்வைக்கோப் பெருநற்கிள்ளி என்ற சோழ இளவல்மீது கொண்ட காதலை அவர் மூன்று பாடல்களிலே பாடினார். தாய்க்கு அஞ்சும் அச்சமும், அவையோர்முன் நாணும் நாணமும், தழுவ விரும்பும் விருப்பமும் அவரை மூன்று பக்கமும் இழுக்கின்றன. உணர்ச்சியால் அவை முற்றும் அகப்பாடல்களே. ஆயினும் பாடப்பட்டவன் இன்னான் என்பது வெளிப்பட்டமையால் தொகுத்தோர் அவற்றை அகத்திலே சேர்க்கவில்லை. புறநானூற்றிலே 83, 84, 85ஆம் பாடல்களாக வைத்து, ஒருதலைக் காமமாகிய கைக்கிளை என்று திணை வகுத்தனர். போரும் கொடையும் பேசும் நூலின் நடுவே ஒரு பெண்ணின் காதல் பெயரோடு நிற்கின்றது.

ஆனால் விதியை மீறாமலே பெயர் சொல்லுதற்கு ஒரு வாயில் இருந்தது. அதுதான் உவமை. தலைவியின் பெயரைச் சொல்லலாகாது. இன்னாளைப் போல வருந்துகின்றேன் என்று அவள் சொல்லலாம். அச்சிறு வாயிலின் வழியே மூன்று பெண்களின் பெயர்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நம் காலம்வரை வந்து சேர்ந்தன. அவர்கள் ஆதிமந்தியார், வெள்ளிவீதியார், ஔவையார்.

ஆதிமந்தியின் கதையைப் பரணர் அகநானூற்றிலே பல இடங்களிற் குறிக்கின்றார். அவள் கணவன் ஆட்டனத்தி, ஆடலில் வல்லவன். கழார் என்ற துறையிலே நடந்த புனல்விழாவின்போது காவிரி அவனைக் கவர்ந்து சென்றது. ஆதிமந்தி அவனைத் தேடிக் கரைவழியே அரற்றித் திரிந்தாள். மருதி என்பாள் அவனை அவளுக்குக் காட்டிவிட்டுத் தான் கடலிற் புகுந்தாள். சிலப்பதிகாரத்திலே, புகார்நகரத்துப் பத்தினிப் பெண்டிரை எடுத்துரைக்கும் கண்ணகி, கரிகாலன் மகள் என்று அவளைக் குறிப்பிடுகின்றாள். ஆதிமந்தி பாடியதாகக் கிடைத்த பாடல் ஒன்றே. குறுந்தொகையின் 31ஆம் பாடல். அதிலே கணவன் பெயரும் இல்லை, ஆற்றின் பெயரும் இல்லை. வீரர் திரளும் விழாக்களத்திலும் மகளிர் தழுவியாடும் களத்திலும் தேடியும் அவனைக் காணாத ஒருத்தி பேசுகின்றாள். தானும் ஆடுகளத்துப் பெண்ணே. தன் கைவளை கழன்று விழுமாறு செய்த அப்பெருமகனும் ஆடுகளத்தவனே என்கின்றாள். ஊரறிய மறைத்த காதலை ஊர்நடுவே அவள் வெளிப்படுத்தும் இடம் அது.

அடுத்தவர் வெள்ளிவீதியார். அவர் பாடல்கள் பதின்மூன்று: குறுந்தொகையில் எட்டு, நற்றிணையில் மூன்று, அகநானூற்றில் இரண்டு. சாப்போவோடு ஒருங்கு வைத்து எண்ணத்தக்க ஒருவரைத் தமிழிலே தேடின், முதலில் நினைவுக்கு வருபவர் இவரே. கன்றும் உண்ணாமல், கலத்திலும் விழாமல் மண்ணிற் சிந்திய நல்ல பசுவின் பால்போலத் தன் அழகு தனக்கும் பயன்படாது தலைவனுக்கும் பயன்படாது பசலையால் உண்ணப்படுகின்றது என்று வருந்தும் தலைவியைப் படைத்தவர் அவர். கரும்பு நிற்கும் நிலத்தின் சிறு மணல்வரம்பு வெள்ளம் நெருக்க உடைந்து கரைவதுபோலக் காமம் நெருக்கும்போது நாணம் நில்லாது என்று காட்டியவரும் அவர். நாணத்தை இகழ்ந்து அவர் அதனைச் சொல்லவில்லை. நெடுங்காலம் தம்மோடு உடனிருந்து வருந்திய ஒரு துணையைப் பிரிவதுபோலச் சொல்கின்றார். அதனாலே அப்பாடல் கேட்போரை வருத்துகின்றது.

குச்சவெளி போன்ற கரையிலிருந்து கேட்டால் நற்றிணையின் 335ஆம் பாடல் மேலும் விளங்கும். திங்கள் எழுகின்றது, ஓதம் பொங்குகின்றது, தாழை மணம் பரப்புகின்றது, பனைமேல் அன்றில் துணையை அழைக்கின்றது, எங்கோ யாழோசை எழுகின்றது. கீழைக் கரையிலே முழுமதி மாலையிற் கடலின் உள்ளிருந்தே எழும். அதனோடு நீரும் உயரும். நிலம் முழுதும் ஒன்றையொன்று தேடும் அவ்வேளையிலே, நோய் பெரிதாகியும் நீக்குவார் இல்லாத ஒருத்தி விழித்திருக்கின்றாள். நற்றிணையின் 348ஆம் பாடலிலும் நிலவு ஒளி பரப்புகின்றது. ஊர் விழவு கொள்கின்றது. அவள் ஒருத்தி மட்டும் உறங்கவில்லை. உலகம் தன்னோடு போரிடுகின்றதா, தன் நெஞ்சுதான் உலகத்தோடு போரிடுகின்றதா என்ற ஐயம் அவளுக்கு எழுகின்றது. சாப்போவினது என்று நெடுங்காலமாக வழங்கிவரும் சிறு பாடலொன்றிலும், நிலவு மறைந்த நள்ளிரவிலே ஒருத்தி தனியே கிடக்கின்றாள். அது சாப்போவினதன்று என்று ஐயுறும் அறிஞரும் உளர். எவர் பாடினும், தனித்த இரவு இரு நாட்டுக்கும் ஒன்றே.

உடலிலே காதல் செய்யும் மாற்றத்தை இரு நாட்டு மகளிரும் நுணுகிக் கண்டனர். விரும்பியவளைக் கண்டபோது நா எழாமல், தோலின்கீழே நெருப்போடி, கண் இருண்டு, செவி இரைந்து, வியர்த்து நடுங்கி, புல்லினும் பசிய நிறமாகித் தான் சாவின் அருகே நிற்பதாகச் சாப்போ பாடினாள். அப்பசிய நிறத்தைத் தமிழர் நன்கு அறிவர். பிரிந்த மகளிர் மேனியிற் படரும் பசலை என்ற சொல் பசுமை என்பதனோடு உறவுடையது. வேறுபாடு ஒன்று உண்டு. சாப்போவின் பசுமை கண்ட கணத்திலே எழுவது. தமிழ்ப் பெண்ணின் பசலை காணாத நாட்களிலே மெல்ல மெல்லப் படர்வது. ஒன்று காட்சியின் வேகம். மற்றொன்று காத்திருத்தலின் நீளம்.

இவ்வெள்ளிவீதியாரே அகநானூற்றின் 45ஆம் பாடலிலே, ஆதிமந்தியைப் போலத் தானும் அறிவு கலங்கித் திரிய நேருமோ என்று தலைவியைப் பேசவைக்கின்றார். முன்வாழ்ந்த பெண்ணின் பெயர் பின்வந்த பெண்ணின் பாட்டிலே உவமையாய் நுழைந்தது.

மூன்றாமவர் ஔவையார். சங்ககாலத்து ஔவையார் பாடியனவாக 59 பாடல்கள் கிடைத்துள்ளன. பெண்பாற் புலவருள் மிகுதியாகப் பாடியவர் அவரே. அதியமான் நெடுமான் அஞ்சியின் அவையிலே வீற்றிருந்து, அவன் பொருட்டுத் தொண்டைமானிடம் தூது சென்ற அரசியல் அறிவினர் அவர். நீதிநூல் பாடிய பிற்காலத்து ஔவையார் வேறு. அச்சங்கப் பெருமூதாட்டியின் அகப்பாடல்களை அறியாதார் பலர். தன் நோயை உணராமல் உறங்கும் ஊரை முட்டித் தாக்கி எழுப்பலாமா, கூவிக் கதறலாமா என்று துடிக்கும் ஒருத்தியைக் குறுந்தொகையின் 28ஆம் பாடலிலே அவர் நிறுத்தினார். அகநானூற்றின் 147ஆம் பாடலிலே, பிரிந்தவனை நாடி வெள்ளிவீதியைப் போலத் தானும் புறப்பட்டுச் செல்லத் துணிந்ததாகத் தலைவியைக் கூறவைத்தார். ஆதிமந்தியின் பெயரைக் காத்தவரின் பெயரை இவ்வாறு ஔவையார் காத்தார். லோக்கிரி நகரத்து நொஸ்ஸிஸ் கடல்கடந்து விடுத்த தூதும் தமிழ்ப் பாட்டிலே உவமையாய் நுழைந்த இப்பெயர்களும் ஒரே செயலின் இரு வடிவங்கள். பெண்ணின் சொல் அழியாதிருக்க மற்றொரு பெண் அதனை ஏந்திக் கொடுக்கின்றாள்.

இங்கே ஐயம் ஒன்று எழுதல் இயல்பு. வெள்ளிவீதியார் உண்மையிலே கணவனைப் பிரிந்து ஊர்தோறும் தேடித் திரிந்தவரா? அவ்வாறு கொண்டோர் பலர். ஔவையாரின் உவமை அதற்கு இடந்தருகின்றது. நிலத்திலே புதைந்திருக்கவும் வானிலே ஏறியிருக்கவும் கடல்மேல் நடந்து போயிருக்கவும் மாட்டான். ஊர்தோறும் குடிதோறும் தேடினால் அகப்படாமல் எங்கே போவான் என்ற கருத்துடைய குறுந்தொகைப் பாடலையும் அவர்கள் எடுத்துக்காட்டுவர். ஆனால் அதே புலவர் தலைவன் கூற்றாகவும் பாடியிருக்கின்றார். வெயில் காயும் பாறையில் வைத்த வெண்ணெயைக் கையில்லாத ஊமை கண்ணாற் காவல் செய்வதுபோலத் தன் நோய் பரவுகின்றது என்று ஆடவன் ஒருவன் வருந்தும் பாடல் அவருடையது. உடன்போன மகளைத் தேடிக் கால் ஓய்ந்து கண் ஒளி மழுங்கிய செவிலியின் கூற்றும் அவருடையது. ஆகவே அவருடைய ஒவ்வொரு சொல்லையும் அவர் வாழ்க்கையின் குறிப்பாகக் கொள்ளுதல் பொருந்தாது. பட்டறிவும் படைப்பாற்றலும் சேர்ந்த இடத்திலேதான் பாட்டுப் பிறக்கின்றது. பெண் பாடினால் அது அவள் கதை, ஆண் பாடினால் அது அவன் கலை என்று பிரிப்பது நீதியன்று.

இத்தகைய பிரிப்பினாலே கிரேக்கத்திலும் ஒரு பொய்க்கதை முளைத்தது. பாவோன் என்ற படகோட்டியைக் காதலித்துக் கைவிடப்பட்ட சாப்போ, லெயுக்கஸ் தீவின் குன்றிலிருந்து கடலிற் பாய்ந்து மாண்டாள் என்று பிற்காலத்தார் புனைந்தனர். நாடகங்களிலே தோன்றிய அக்கதையை உரோமப் புலவர் ஒவிட் உலகறியச் செய்தார். முதுமையின் நரையையும் தளர்ந்த முழங்காலையும் பாடியவளைக் குன்றிலிருந்து உருட்டிவிட்டனர் கதைஞர். திருகோணமலைக்கும் இத்தகைய கதை புதிதன்று. கோணேசர் மலையின் செங்குத்தான ஒரு முனையைக் காதலர் பாய்ந்த இடம் என்று ஆங்கிலேயர் வழங்கினர். பிரான்சினா வான் ரீட் என்ற ஒல்லாந்தப் பெண் தன் காதலன் கப்பலேறிச் சென்றதைப் பொறாமல் 1687ஆம் ஆண்டிலே அங்கிருந்து கடலிற் பாய்ந்தாள் என்பது கதை. அவள் பின்னரும் உயிர்வாழ்ந்து மணம்புரிந்தாள் என்பது ஒல்லாந்தர் பதிவுகளை ஆராய்ந்தோர் கண்ட செய்தி. காதலித்த பெண் கடலிற் பாய்ந்தாலன்றிக் கதை நிறைவுறாது என்று எண்ணுவோர் எந்நாட்டிலும் உளர். மகளிர் தாமே பாடிய பாடல்களிலோ அவர்கள் பாயவில்லை; பேசினார்கள், தேடினார்கள், விழித்திருந்தார்கள்.

இக்குரல்கள் நம் காலத்துக்கு வந்து சேர்ந்த வழியும் எளிதன்று. கிரேக்கத்திலே குப்பைமேடு காத்ததைத் தமிழகத்திலே பனையோலை காத்தது. கறையானும் நெருப்பும் வெள்ளமும் அவ்வோலையைத் தின்றுகொண்டிருந்தன. யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1887ஆம் ஆண்டிலே கலித்தொகையைப் பதிப்பித்தார். உ. வே. சாமிநாதையர் 1894ஆம் ஆண்டிலே புறநானூற்றை வெளியிட்டார். நக்கண்ணையாரின் குரல் அச்சேறியது அப்பதிப்பிலே. 1915ஆம் ஆண்டிலே சௌரிப்பெருமாள் அரங்கனார் குறுந்தொகையை வெளியிட்டார். 1937ஆம் ஆண்டிலே சாமிநாதையரின் விரிவான உரைப்பதிப்பு வந்தது. திருகோணமலை தந்த அறிஞர் தி. த. கனகசுந்தரம்பிள்ளையும் பழந்தமிழ் நூல்களை ஆராய்ந்தோருள் ஒருவர். அப்பெருமக்கள் ஓலைகளைப் புரட்டியிராவிடின் வெள்ளிவீதியார் என்ற பெயரையே இன்று எவரும் அறியார்.

இலங்கைத் தீவிலே மற்றொரு சான்றும் உண்டு. சீகிரியாவின் பளிங்குச் சுவரிலே, குன்றைக் காண வந்தோர் 8ஆம் நூற்றாண்டு முதல் 10ஆம் நூற்றாண்டு வரை சிங்களச் செய்யுட்களைக் கீறி வைத்தனர். அவற்றுள் 685 செய்யுட்களைப் பரணவிதான 1956ஆம் ஆண்டிலே நூலாக்கினார். அங்குள்ள ஓவிய மகளிரின் பொன்மேனியை வியந்து ஆடவர் பாடியவையே மிகுதி. எனினும் மகளிர் எழுதிய செய்யுட்களும் இடையிடையே காணப்படுகின்றன. சுவரும் எழுத்தறிவும் கிடைத்தபோது அத்தீவின் பெண்களும் தம் மனத்தை எழுதினர் என்பதற்கு அவை சான்று.

சுவரும் ஓலையும் கிடைக்காத பெண்களோ எண்ணிறந்தவர். கீழ்மாகாணத்து வயல்களிலும் வாடிகளிலும் கவி என்ற நாட்டுப்பாடல் தலைமுறை தலைமுறையாக வழங்கி வந்துள்ளது. மச்சானும் மச்சியும் ஒருவரையொருவர் விளித்துப் பாடும் அக்கவிகளைத் தமிழரும் முஸ்லிம்களும் பாடினர். அவற்றுள்ளும் தோழி உண்டு, தூது உண்டு, ஊராரின் அலர் உண்டு, வராதவன் வழிபார்த்தல் உண்டு. சங்கப் பாட்டின் உள்ளம் அவற்றிலே தொடர்கின்றது. அவற்றைக் கட்டிய பெண்களின் பெயர்கள் மட்டும் காணப்படவில்லை. பாட்டு ஊரின் பொதுச்சொத்தாயிற்று. பாடியவள் பெயர் காற்றோடு போயிற்று.

குச்சவெளிக் கரை பெருந்துயரங்களைக் கண்ட கரை. நெடிய போர்க்காலத்திலே அக்கரையோர மக்கள் இடம்பெயர்ந்தனர். 2004ஆம் ஆண்டு திசெம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை கீழைக் கரையெங்கும் உயிர் கொண்டது. கடலை நோக்கிக் காத்திருத்தல் என்பது அங்குள்ள பெண்களுக்கு ஏட்டிலே படித்த துறையன்று. வாழ்ந்து அறிந்த செய்தி. அவர்களுள்ளும் தம் நெஞ்சைச் சொல்லாக்கத் தெரிந்தவர் இருத்தல் கூடும். பாறையிலே வெட்டிய சொல் தானே நிற்கும். வாயிலே பிறந்த சொல் நிற்க வேண்டுமாயின், கேட்பவர் ஒருவர் வேண்டும். கேட்டதைப் பெயரோடு எடுத்துரைப்பவர் ஒருவர் வேண்டும். ஆதிமந்திக்கு வெள்ளிவீதியார் வாய்த்தார். வெள்ளிவீதியார்க்கு ஔவையார் வாய்த்தார். சாப்போவுக்கு நொஸ்ஸிஸ் வாய்த்தாள். நெய்தற் கரையிலே இன்று இருப்பவளின் சொல்லைக் கேட்டு, அவள் பெயரைத் தன் பாட்டிலே வைக்கும் மற்றொருத்தி தோன்றுவாளாயின், இரண்டாயிரம் ஆண்டுகளாக வரும் அத்தொடர் அறாது.